மாதிரி விமான டீசல் எஞ்சின்களின் எரிபற்றல் ஊக்கிகள்: ஒரு வரலாறு

மாதிரி விமானங்களை இயக்கும் சிறு எஞ்சின்களில் ஒருவகை, ஸ்பார்க் பிளக்கோ பேட்டரியோ இல்லாமல், அழுத்தத்தால் உண்டாகும் வெப்பத்தைக் கொண்டே தன் எரிபொருளைப் பற்றவைத்துக் கொள்ளும். இவை மாதிரி டீசல் எஞ்சின்கள் எனப்படுகின்றன. ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் ஆகிய மூன்றும் கலந்ததே இவற்றின் அடிப்படை எரிபொருள். பந்தயங்களில் இக்கலவையுடன் நான்காவதாக ஒரு நைட்ரேட்டுச் சேர்மமும் சிறிதளவு சேர்க்கப்படுகிறது. அதன் அளவு பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்குதான். இதுவே எரிபற்றல் ஊக்கி.

இந்தச் சிறு அளவு சேர்மம் எஞ்சினின் வேகத்தையும், ஒருமுறை நிரப்பிய எரிபொருளில் விமானம் பறக்கும் தொலைவையும், எஞ்சினின் ஆயுளையும் ஒருசேர மாற்றியது. இந்தச் சேர்மத்தில் பெரிய அளவு ஆற்றல் ஏதுமில்லை. எரிதல் தொடங்க ஆகும் நேரத்தை மட்டும் அது குறைக்கிறது. அந்தச் சிறு கால அளவு ஏன் ஒரு பந்தயத்தின் முடிவையே தீர்மானிக்கிறது என்பதை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

டீசல் என்ற பெயர்

ருடால்ஃப் டீசல் உருவாக்கிய எஞ்சினில் முதலில் காற்று மட்டும் சிலிண்டருக்குள் அழுத்தப்படுகிறது. காற்று போதுமான அளவு சூடான பிறகு எரிபொருள் உள்ளே செலுத்தப்படுகிறது. எரிபொருள் எப்போது செலுத்தப்படுகிறதோ, அதை ஒட்டியே எரிதலும் தொடங்கும். லாரி, பேருந்து, டிராக்டர் ஆகியவற்றில் இன்றும் இதே முறைதான். இதற்கு நுட்பமான எரிபொருள் பம்பும் இன்ஜெக்டரும் வேண்டும்.

மாதிரி டீசல் எஞ்சினில் இவை இரண்டும் இல்லை. பெட்ரோல் எஞ்சினில் உள்ளதுபோல எரிபொருளும் காற்றும் வெளியிலேயே கலந்து, கலவையாகச் சிலிண்டருக்குள் நுழைகின்றன. பிஸ்டன் மேலேறி அந்தக் கலவையை அழுத்துகிறது. வெப்பம் ஓர் எல்லையைத் தாண்டியதும் கலவை தானாகப் பற்றிக்கொள்கிறது. எனவே, கறாராகச் சொன்னால், இது டீசலின் எஞ்சின் அன்று. அழுத்தத்தால் எரிபற்றும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்.

இந்த வேறுபாடு முக்கியமானது. ஸ்பார்க் பிளக் உள்ள எஞ்சினில் தீப்பொறியின் நேரத்தை மாற்றலாம். உண்மையான டீசல் எஞ்சினில் எரிபொருள் செலுத்தும் நேரத்தை மாற்றலாம். மாதிரி டீசல் எஞ்சினில் மாற்றக்கூடியவை இரண்டே: அழுத்தத்தின் அளவு, எரிபொருளின் தன்மை. அழுத்தத்தை மாற்றுவதற்காகச் சிலிண்டரின் மேற்பகுதியில் எதிர்-பிஸ்டன் என்ற சிறு உலோக அடைப்பு பொருத்தப்பட்டிருக்கும். தலைப்பகுதியில் உள்ள திருகைச் சுழற்றினால் அது கீழிறங்கி அழுத்தத்தைக் கூட்டும். திருகைத் தளர்த்தினால் அழுத்தம் குறையும். எரிபொருளின் தன்மையை மாற்றும் கருவியாகவே நைட்ரேட்டு வந்து சேர்ந்தது.

தோற்றமும் பரவலும்

இந்த எஞ்சினின் தொடக்கம் சுவிட்சர்லாந்தில் உள்ளது. அந்நாட்டைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் தால்ஹைம் 1920-களின் இறுதியில் அழுத்தத்தால் எரிபற்றும் சிறு எஞ்சின் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டாம் உலகப்போரின் தொடக்க ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தில் தயாரான டைனோ என்னும் எஞ்சின் இவ்வகையைப் பலரும் அறியச் செய்தது. போர்க்காலத்திலேயே இத்தாலி, பிரான்சு, ஸ்காண்டிநேவிய நாடுகள் ஆகியவற்றின் மாதிரி விமான ஆர்வலர்களிடம் இது பரவியது. தனியே பேட்டரியும் இக்னிஷன் காயிலும் சுமக்க வேண்டியதில்லை என்பதால் சின்னஞ்சிறு விமானத்தின் எடை வெகுவாகக் குறைந்தது.

போர் முடிந்ததும் பிரிட்டன் இவ்வகை எஞ்சின்களின் முக்கிய உற்பத்தி நாடாயிற்று. 1946-இல் மில்ஸ் 1.3 எஞ்சின் விற்பனைக்கு வந்தது. அதைத் தொடர்ந்து இ.டி., ஃபிராக், எல்ஃபின் எனப் பல பெயர்களில் எஞ்சின்கள் வெளிவந்தன. அட்லாண்டிக்கின் மறுகரையில் வரலாறு வேறு வழியில் சென்றது. அமெரிக்காவின் ரே ஆர்டன் 1947-இல் குளோ பிளக்கை அறிமுகப்படுத்தினார். மெத்தனாலில் ஓடும் குளோ எஞ்சின் அமெரிக்காவில் விரைவாக வேரூன்றியது. ஐரோப்பாவில் டீசல் எஞ்சின் தொடர்ந்து நிலைத்தது. குறிப்பாக, குறைந்த எரிபொருளில் அதிகத் தொலைவு பறக்க வேண்டிய பந்தயங்களில் அதற்கு நிகரில்லாமல் இருந்தது.

மூன்று திரவங்களின் பணி

நான்காவது பொருளின் தேவையைப் புரிந்துகொள்ள, முதல் மூன்றின் பணியை அறிய வேண்டும்.

ஈதர் என்று இங்கே குறிக்கப்படுவது டைஎத்தில் ஈதர். 1846-ஆம் ஆண்டு அக்டோபர் 16 அன்று பாஸ்டன் நகரில் வில்லியம் மார்டன் அறுவைச் சிகிச்சையின்போது நோயாளிக்கு மயக்கமூட்டிக் காட்டியது இதே பொருளால்தான். இதன் கொதிநிலை ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸ். சுமார் 160 டிகிரியிலேயே இது தானாகப் பற்றிக்கொள்ளும். கையால் புரொப்பெல்லரைச் சுண்டிவிடும்போது உண்டாகும் வெப்பத்திலேயே எஞ்சின் உயிர்பெறுவதற்கு ஈதரே காரணம்.

மண்ணெண்ணெய்தான் எஞ்சினின் உண்மையான உணவு. ஒரு லிட்டர் மண்ணெண்ணெயில் சுமார் 34 முதல் 35 மெகாஜூல் வரை வெப்ப ஆற்றல் உண்டு. ஒரு லிட்டர் ஈதரில் இருப்பதோ ஏறத்தாழ 24 மெகாஜூல். குளோ எஞ்சின்களின் மெத்தனாலில் இது சுமார் 16 மெகாஜூல் மட்டுமே. தொட்டியின் கொள்ளளவுக்கு வரம்பு இருக்கும் பந்தயத்தில் டீசல் எஞ்சின் ஏன் வென்றது என்பதற்கு இந்த மூன்று எண்களே விடை.

மூன்றாவது, விளக்கெண்ணெய். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் உராய்வைக் குறைக்கும் எண்ணெய் எரிபொருளோடு கலந்தே செல்ல வேண்டும். கடும் வெப்பத்திலும் உலோகப் பரப்பை விட்டு விலகாமல் ஒட்டி நிற்பது விளக்கெண்ணெயின் சிறப்பு. இதைத் தரும் ஆமணக்கை உலகிலேயே மிகுதியாக விளைவிக்கும் நாடு இந்தியா. அதிலும் குஜராத் முதலிடத்தில் உள்ளது. விளக்கெண்ணெய் மண்ணெண்ணெயில் எளிதாகக் கரையாது. இரண்டையும் ஒன்றாகப் பிணைத்து வைப்பதும் ஈதரின் இன்னொரு பணி. இதனால்தான் ஈதர் ஆவியாகிப் போன பழைய எரிபொருளில் எண்ணெய் தனியே பிரிந்து நிற்பதைக் காணலாம்.

மூன்றையும் சம அளவில் கலப்பதே பழைய எளிய முறை. தொடக்கநிலை ஆர்வலர்களுக்கும் புது எஞ்சின்களைப் பழக்குவதற்கும் அது போதுமானதாக இருந்தது. பந்தயத்துக்கு அது போதவில்லை.

கால் மில்லி விநாடிச் சிக்கல்

ஓர் எளிய கணக்கைப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 10,000 முறை சுழலும் எஞ்சினில் ஒரு சுழற்சிக்கு 6 மில்லி விநாடி ஆகும். 20,000 முறை சுழன்றால் ஒரு சுழற்சிக்கு 3 மில்லி விநாடிதான். பிஸ்டன் உச்சத்தை நெருங்கி, கலவை நன்கு சூடாகும் கடைசி 30 பாகையைக் கிராங்க் தண்டு கடக்க ஆகும் நேரம் அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது கால் மில்லி விநாடி.

எந்த எரிபொருளும் எரியும் வெப்பநிலையை அடைந்த அந்தக் கணமே எரிந்துவிடுவதில்லை. மூலக்கூறுகள் உடைந்து, வினைகள் தொடங்கிப் பெருகுவதற்குச் சிறிது நேரம் பிடிக்கும். இதற்கு எரிபற்றல் தாமதம் என்று பெயர். மெதுவாக ஓடும் எஞ்சினில் இந்தத் தாமதத்தால் பெரிய பாதிப்பு இல்லை. எஞ்சின் மிக வேகமாகச் சுழலும்போதோ, கலவை பற்றுவதற்கு முன்பே பிஸ்டன் கீழிறங்கத் தொடங்கிவிடுகிறது. அப்போது சில சுழற்சிகளில் எரிதல் தவறுகிறது. வேகமும் ஏற மறுக்கிறது.

அழுத்தத் திருகை மேலும் இறுக்குவது ஒரு வழி. அழுத்தம் கூடினால் வெப்பம் கூடும், தாமதம் குறையும். ஆனால் பிஸ்டன், இணைப்புத்தண்டு, கிராங்க் தண்டு ஆகியவற்றின் மீது சுமையும் கூடும். ஈதரைக் கூட்டுவது இன்னொரு வழி. ஆனால் ஈதர் கூடினால் மண்ணெண்ணெய் குறையும். பறக்கும் தொலைவும் குறையும். இவ்விரண்டு இழப்புகளும் இல்லாமல் தாமதத்தைக் குறைக்க ஒரு பொருள் தேவைப்பட்டது.

அமைல் நைட்ரேட்டு

அந்தப் பொருளை மாதிரி விமானக்காரர்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. பெரிய டீசல் எஞ்சின்களுக்கான எரிபொருள் ஆய்வில், எரிபொருள் எவ்வளவு எளிதில் பற்றுகிறது என்பதைக் குறிக்கும் சீட்டேன் எண் 1930-களில் வழக்கத்துக்கு வந்தது. சில கரிம நைட்ரேட்டுகளைச் சிறிதளவு சேர்த்தால் தரம் குறைந்த டீசலின் சீட்டேன் எண்ணும் உயர்கிறது என்பது அறியப்பட்டிருந்தது. எத்தில் நைட்ரேட்டு, அமைல் நைட்ரேட்டு ஆகியவை அவற்றுள் அடங்கும். இந்த அறிவு போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் மாதிரி எஞ்சின் உலகுக்கும் வந்து சேர்ந்தது. பிரிட்டனின் பந்தயக் கலவைகளில் அமைல் நைட்ரேட்டு வழக்கமான சேர்க்கையாயிற்று.

இங்கே ஒரு பெயர்க்குழப்பத்தைக் குறிப்பிட வேண்டும். அமைல் நைட்ரேட்டு வேறு. அமைல் நைட்ரைட்டு வேறு. பின்னது மருந்து. 1867-இல் தாமஸ் லாடர் பிரண்டன் என்னும் மருத்துவர், இதய இரத்த ஓட்டக் குறைவால் வரும் நெஞ்சு வலிக்கு அதை முகரச் செய்து பயன் கண்டார். எழுத்தில் ஓர் ஒலி வேறுபாடுதான். ஆனால் வேதியியலில் ஓர் ஆக்சிஜன் அணு கூடுதலாக உள்ளதும் இல்லாததுமான இரு வேறு சேர்மங்கள் இவை. தொடக்க காலத்தில் எரிபொருளில் நைட்ரைட்டைக் கலந்து பார்த்தவர்களும் உண்டு. எனினும் நிலைத்துநின்றது நைட்ரேட்டே.

நைட்ரேட்டு செயல்படும் விதம்

அமைல் நைட்ரேட்டு, ஐசோபுரோப்பைல் நைட்ரேட்டு போன்ற சேர்மங்களின் மூலக்கூறில் ஒரு பலவீனமான இடம் இருக்கிறது. ஆக்சிஜனுக்கும் நைட்ரஜனுக்கும் இடையே உள்ள ஒரு பிணைப்புதான் அது. மண்ணெண்ணெயில் உள்ள கார்பன்-கார்பன் பிணைப்பை உடைக்கத் தேவைப்படும் ஆற்றலில் ஏறத்தாழப் பாதியே இந்தப் பிணைப்பை உடைக்கப் போதும். எனவே சிலிண்டருக்குள் வெப்பம் ஏறும்போது முதலில் உடைவது நைட்ரேட்டு மூலக்கூறே.

உடைந்ததும் இரு துண்டுகள் கிடைக்கின்றன. ஒன்று நைட்ரஜன் டைஆக்சைடு; மற்றொன்று ஆக்சிஜன் முனையுடன் கூடிய கரிமத் துண்டு. இரண்டுமே தனி உறுப்புகள், அதாவது இணை சேராத எலக்ட்ரான் கொண்டவை. இவை அருகில் உள்ள ஈதர், மண்ணெண்ணெய் மூலக்கூறுகளைத் தாக்கி மேலும் தனி உறுப்புகளை உண்டாக்குகின்றன. சங்கிலித்தொடர் வினை முன்கூட்டியே தொடங்கிவிடுகிறது. எரிபற்றல் தாமதம் சுருங்குகிறது.

ஈர விறகு அடுப்பில் வைக்கும் கற்பூரத் துண்டை இதற்கு ஒப்பிடலாம். சோற்றை வேகவைப்பது விறகின் வெப்பம். விறகைச் சீக்கிரம் பற்றவைப்பது மட்டுமே கற்பூரத்தின் வேலை.

இதை நைட்ரோமீத்தேனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. குளோ எஞ்சின்களில் சேர்க்கப்படும் நைட்ரோமீத்தேன் தன் மூலக்கூறிலேயே மிகுதியான ஆக்சிஜனைக் கொண்டது. ஒரு கிராம் மெத்தனால் முழுதாக எரிய சுமார் 6.4 கிராம் காற்று தேவை. ஒரு கிராம் நைட்ரோமீத்தேனுக்குச் சுமார் 1.7 கிராம் காற்று போதும். ஆகவே அதே அளவு காற்றில் அதிக எரிபொருளை எரித்து, நேரடியாகத் திறனைக் கூட்ட முடியும். டீசலில் சேர்க்கும் நைட்ரேட்டு அவ்வாறு செயல்படுவதில்லை. நூற்றுக்கு இரண்டு பங்கு மட்டுமே உள்ள பொருளின் ஆக்சிஜன் கணக்கில் கொள்ளும் அளவினதன்று. இதனால்தான் நைட்ரோமீத்தேனை மேலும் மேலும் கூட்டிப் பயன்பெறலாம். டீசல் ஊக்கியைக் கூட்டினால் ஓர் எல்லைக்கு மேல் பயனில்லை.

டீம் ரேஸ்: சோதனைக் களம்

ஊக்கியின் மதிப்பு முழுமையாக வெளிப்பட்ட இடம் டீம் ரேஸ் என்னும் அணிப் பந்தயம். இது கட்டுக்கம்பி விமானப் பந்தயம். ஜிம் வாக்கர் என்பவரின் முயற்சியால் 1940-களில் அமெரிக்காவில் கட்டுக்கம்பி விமானங்கள் பரவின. விமானம் இரு மெல்லிய எஃகுக் கம்பிகளால் விமானியின் கைப்பிடியோடு இணைக்கப்பட்டு, அவரைச் சுற்றி வட்டமாகப் பறக்கும்.

எஃப்.ஏ.ஐ. எனப்படும் பன்னாட்டு விமானவியல் கூட்டமைப்பின் விதிகளில் இப்பந்தயம் எஃப்2சி என்று வகைப்படுத்தப்பட்டுள்ளது. எஞ்சினின் அளவு 2.5 கன சென்டிமீட்டருக்கு மிகக் கூடாது. கம்பியின் ஆரம் 15.92 மீட்டர். அதனால் ஒரு சுற்று ஏறத்தாழ 100 மீட்டர்; நூறு சுற்றுகள் 10 கிலோமீட்டர். இறுதிப் போட்டி 200 சுற்றுகள். மூன்று விமானங்கள் ஒரே வட்டத்தில் ஒரே நேரத்தில் பறக்கின்றன. ஒவ்வோர் அணியிலும் இருவர்: ஒருவர் விமானி, மற்றவர் மெக்கானிக். எரிபொருள் தீர்ந்ததும் விமானம் தரையிறங்கும். வட்டத்தின் விளிம்பில் காத்திருக்கும் மெக்கானிக் அதைப் பிடித்து, தொட்டியை நிரப்பி, புரொப்பெல்லரைச் சுண்டி மீண்டும் பறக்கவிட வேண்டும். இவை அனைத்தும் சில விநாடிகளில் முடிந்தாக வேண்டும்.

தொட்டியின் கொள்ளளவு முதலில் 10 கன சென்டிமீட்டராக இருந்து, பின்னர் 7 ஆகக் குறைக்கப்பட்டது. இரண்டு தேக்கரண்டி கூட நிரம்பாத அந்த அளவே பந்தயத்தின் முடிச்சு. நூறு சுற்றுகளை இரண்டே நிறுத்தங்களில் முடிக்க வேண்டுமானால் ஒரு தொட்டிக்குக் குறைந்தது 34 சுற்றுகள் பறக்க வேண்டும். 33-இல் எஞ்சின் நின்றுவிட்டால் மூன்றாவது நிறுத்தம் தவிர்க்க முடியாதது. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் 1.8 விநாடி. தரையில் கழியும் ஒவ்வோர் ஐந்து விநாடிக்கும் எதிரணிகள் கிட்டத்தட்ட மூன்று சுற்றுகள் முன்னேறிவிடும்.

இங்கேதான் நைட்ரேட்டு தன் வேலையைக் காட்டுகிறது. சம அளவுக் கலவையை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு லிட்டருக்கு ஈதரும் மண்ணெண்ணெயும் சேர்ந்து தரும் ஆற்றல் ஏறத்தாழ 19.5 மெகாஜூல். விளக்கெண்ணெயின் பெரும்பகுதி எரியாமலே வெளியேறிவிடுவதால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. மாறாக, ஈதர் 28, மண்ணெண்ணெய் 55, எண்ணெய் 15, நைட்ரேட்டு 2 என்ற விகிதத்தில் ஒரு கலவை இருந்தால், அதே கணக்கில் 25.7 மெகாஜூல் கிடைக்கும். அதாவது மூன்றில் ஒரு பங்கு கூடுதல். ஈதரைக் குறைத்ததால் எரிபற்றலில் ஏற்படும் குறையை நைட்ரேட்டு ஈடுசெய்கிறது. நைட்ரேட்டு தானே கூடுதல் சுற்றுகளைத் தருவதில்லை. அவற்றைத் தரும் மண்ணெண்ணெய்க்குத் தொட்டியில் இடம் ஏற்படுத்தித் தருகிறது.

மற்றொரு பயனும் உண்டு. நைட்ரேட்டு சேர்ந்த எரிபொருளில் அழுத்தத் திருகின் நிலை சற்று முன்பின் இருந்தாலும் எஞ்சின் சீராக ஓடும். தரையிறங்கிய எஞ்சினின் வெப்பநிலை ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் இருப்பதில்லை. திருகைச் சரிசெய்து பார்க்க மெக்கானிக்குக்கு நேரமும் கிடையாது. ஒரே சுண்டில் எஞ்சின் பற்றிக்கொள்ள வேண்டும். இரண்டாவது முறை சுண்ட நேர்ந்தால் சுற்றுகள் கைவிட்டுப் போகும்.

நாட்டிங்காமைச் சேர்ந்த ஜே. ஏ. ஆலிவரின் டைகர் எஞ்சின் 1950-களில் இப்பந்தயத்தின் அடையாளமாகத் திகழ்ந்தது. மேக்கிள்ஸ்ஃபீல்டு நகரின் புரோகிரஸ் ஏரோ ஒர்க்ஸ் தயாரித்த பி.ஏ.டபிள்யூ. எஞ்சின்களும் பரவலாகப் பயன்பட்டன. பின்னர் கிழக்கு ஐரோப்பிய நாடுகளின் அணிகள் தங்கள் எஞ்சின்களைத் தாங்களே கடைந்து உருவாக்கிப் போட்டியின் தரத்தை உயர்த்தின. எஞ்சின் மாறியபோதெல்லாம் அதற்கேற்ற கலவையும் மாறியது. ஒவ்வோர் அணியும் தன் கலவை விகிதத்தைத் தானே சோதித்துக் கண்டறிந்தது.

அமைலுக்குப் பின் வந்தவை

அமைல் நைட்ரேட்டுக்குப் பிறகு ஐசோபுரோப்பைல் நைட்ரேட்டு பரவலாயிற்று. சுருக்கமாக ஐ.பி.என். என்று அழைக்கப்படும் இச்சேர்மம் விமானத்துறைக்கு முன்பே அறிமுகமானது. காற்றின் உதவியில்லாமலே சிதைந்து சூடான வாயுவாக மாறும் இயல்பு இதற்கு உண்டு. அதனால் ஜெட் எஞ்சின்களைச் சுழற்றித் தொடங்கிவைக்கும் ஸ்டார்ட்டர்களில் அவ்பின் என்ற பெயரில் இது பயன்பட்டது. பிரிட்டனின் இங்கிலீஷ் எலக்ட்ரிக் லைட்னிங் போர் விமானம் இதற்குத் தெரிந்த எடுத்துக்காட்டு. ஒலியை மிஞ்சும் போர் விமானத்தை எழுப்பிய அதே திரவம், உள்ளங்கையில் அடங்கும் எஞ்சினுக்கும் ஊக்கியாயிற்று.

மூன்றாவது, 2-எத்தில்ஹெக்சில் நைட்ரேட்டு. இன்று உலகெங்கும் லாரி, கார் டீசலின் சீட்டேன் எண்ணை உயர்த்தப் பெருமளவில் பயன்படுவது இதுவே. டீசல் எரிபற்றல் ஊக்கி என்பதன் சுருக்கமான டி.ஐ.ஐ. என்ற பெயரில் மாதிரி விமான வட்டாரங்களுக்கும் இது வந்தது. ஐ.பி.என்.-ஐ விட இது எளிதில் ஆவியாகாது. கையாள்வதும் ஒப்பீட்டளவில் எளிது.

அளவு மீறினால்

ஊக்கி அதிகமானால் எரிதல் முன்கூட்டியே தொடங்கிவிடும். பிஸ்டன் இன்னும் மேலேறிக் கொண்டிருக்கும்போதே வெடிப்பின் அழுத்தம் அதைக் கீழே தள்ளும். எஞ்சின் கரகரத்த ஒலி எழுப்பும், சூடேறும், வேகம் இறங்கும். அப்போது அழுத்தத் திருகைத் தளர்த்த வேண்டும். தளர்த்தத் தவறினால் இணைப்புத்தண்டு வளையலாம். கிராங்க் தண்டு முறியலாம். நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் சேர்ப்பதால் பொதுவாக வேகம் கூடுவதில்லை, சேதம்தான் கூடுகிறது.

இரண்டாவது தீங்கு அரிப்பு. நைட்ரேட்டு எரிவதால் உண்டாகும் நைட்ரஜன் ஆக்சைடுகள் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகின்றன. பந்தயம் முடிந்து அப்படியே பெட்டியில் வைத்த எஞ்சினின் எஃகு பால் பேரிங்குகள் துருப்பிடிக்கும். இதனால் அனுபவமுள்ளவர்கள் கடைசி ஓட்டத்தை ஊக்கி சேராத எரிபொருளில் முடித்து, எஞ்சினுக்குள் எண்ணெய் விட்டு வைப்பார்கள்.

பாதுகாப்பு

இப்பொருள்களின் வரலாற்றோடு எச்சரிக்கையும் சேர்ந்தே வருகிறது. ஈதரின் ஆவி காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது. அது தரையோடு தரையாக ஊர்ந்து சென்று தொலைவில் உள்ள சுடரையும் எட்டிவிடும். காற்றும் வெளிச்சமும் பட நெடுநாள் வைத்த ஈதரில் வெடிக்கும் தன்மையுள்ள பெராக்சைடுகள் சேரக்கூடும். அதனால் இறுக மூடிய இருண்ட கலன்களில், நிலைப்படுத்தும் பொருள் சேர்த்து அதை வைப்பார்கள்.

நைட்ரேட்டுகளின் ஆவியை முகர்ந்தால் இரத்த நாளங்கள் விரிந்து கடும் தலைவலி வரும். இதய நோய்க்கு மருந்தாக நைட்ரைட்டு பயன்பட்டதன் அடிப்படையும் இந்த நாள விரிவே. மெத்தில் நைட்ரேட்டு, எத்தில் நைட்ரேட்டு போன்ற சிறிய மூலக்கூறுகள் வெடிபொருள்களுக்கு நிகரான ஆபத்து உள்ளவை. பந்தய உலகம் அவற்றை விட்டு, பெரிய மூலக்கூறுகளின் பக்கம் நகர்ந்ததற்குப் பாதுகாப்பும் ஒரு காரணம். இவை எவையும் வீட்டிலோ பள்ளி ஆய்வகத்திலோ கலந்து பார்க்கத்தக்கவை அல்ல என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

இன்றைய நிலை

மாதிரி டீசல் எஞ்சின்களுக்கு இன்றுள்ள பெரிய இடர்ப்பாடு எரிபொருள் கிடைப்பதே. ஈதர், போதைப்பொருள்களைச் சட்டவிரோதமாகத் தயாரிக்கவும் பயன்படுவதால், 1988-ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையில் கண்காணிக்கப்படும் பொருள்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. எரியும் திரவங்களையும் நைட்ரேட்டுகளையும் தபாலிலோ விமானத்திலோ அனுப்புவதும் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. ஒரு காலத்தில் மருந்துக்கடையிலேயே கேட்டு வாங்கப்பட்ட பொருள்களுக்கு இப்போது உரிமமும் ஆவணங்களும் வேண்டும். பொழுதுபோக்காகப் பறக்கவிடும் பலர் மின்மோட்டாருக்கு மாறிவிட்டனர்.

ஆயினும் எஃப்2சி பந்தயம் நின்றுவிடவில்லை. டீசல் எஞ்சினை விட்டு அது விலகவும் இல்லை. 7 கன சென்டிமீட்டர் தொட்டியில் நூற்றுக்கு இரண்டு பங்கு என்பது 0.14 கன சென்டிமீட்டர். ஒரு சில துளிகள் மட்டுமே. அத்துளிகள் எரிதலின் தொடக்கத்தை ஒரு மில்லி விநாடியின் சிறு பகுதியளவு முன்னால் நகர்த்துகின்றன. அதனால் ஈதர் குறைந்து மண்ணெண்ணெய் கூடுகிறது. ஒரு தொட்டிக்கு ஒன்றிரண்டு சுற்றுகள் மிச்சமாகின்றன. ஒரு நிறுத்தம் தவிர்க்கப்படுகிறது. எரிபற்றல் தாமதம், பிணைப்பு ஆற்றல், எரிபொருளின் வெப்ப மதிப்பு எனப் பாடநூலில் தனித்தனி அலகுகளாகப் படிக்கும் கருத்துகள் ஒரே பந்தயத்தில் ஒன்றையொன்று சார்ந்து இயங்குவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.